இரவில் சத்தம் போடும் பிரிட்ஜ்: எது வழமை, எது பழுது?

நெல்லியடிச் சந்தி இரவு ஒன்பது மணிக்குப் பிறகு மெல்ல அடங்கிவிடும். யாழ்ப்பாணம் – பருத்தித்துறை வீதியில் வாகனங்கள் குறைந்ததும் பகலில் காதில் விழாத சத்தங்கள் வீட்டுக்குள் கேட்கத் தொடங்கும். அவற்றில் முதலாவது பிரிட்ஜ். 'டக்' என்று ஒரு சத்தம் வரும், பிறகு நீண்ட இரைச்சல். அது நின்றதும் யாரோ தண்ணீர் குடிப்பதுபோலக் 'களக் களக்'. நடுச்சாமத்தில் ஒருமுறை 'சடார்' என்று ஏதோ வெடித்ததுபோலவும் கேட்கும்.

இந்தக் கட்டுரைக்காக நெல்லியடி, கரவெட்டிப் பக்கம் சில வீடுகளிலும் திருத்தும் கடைகளிலும் பேசினேன். திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு விடயம் இருக்கிறது. பல வீடுகளில் படுக்கப் போகும்போது பிரிட்ஜை நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் வயதானவர்கள்தான் அப்படிச் செய்கிறார்கள். பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ பிரான்ஸிலோ இருந்து காசு அனுப்பி வாங்கிக் கொடுத்த பிரிட்ஜ் அது. சத்தம் நித்திரையைக் குழப்புகிறது, தீப்பிடித்துவிடுமோ என்று பயம், கரண்ட் பில் கூடிவிடும் என்ற கணக்கு என்று மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். அதே பிரிட்ஜுக்குள்தான் மந்திகை ஆதார வைத்தியசாலையில் கொடுத்த இன்சுலினும் இருக்கிறது.

எனவே இதை வெறும் வீட்டுச் சாமான் பற்றிய விடயமாக எடுத்துவிட முடியாது. எந்தச் சத்தம் வழமையானது, எது பழுதின் அறிகுறி என்று தெரிந்தால் காசும் மிஞ்சும், மருந்தும் பழுதாகாது, இரவில் நிம்மதியாகவும் படுக்கலாம்.

எங்கள் காதுகள்

1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கிய பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கிலிருந்து வந்த மின்சாரம் இல்லாமல் போனது. ஜாம் போத்தல் விளக்கும், சைக்கிள் டைனமோவில் பாடும் றேடியோவும் அந்தக் காலத்தின் அடையாளங்கள். எனக்கு நினைவு தெரிந்தபோது பிரிட்ஜ் என்பது ஒரு வெள்ளை அலமாரி. அதற்குள் எலி போகாது என்பதால் அரிசியும் பாடப் புத்தகங்களும் வைப்பார்கள். இடம்பெயர்ந்து திரும்பி வந்த சில வீடுகளில் பெட்டி மட்டும் நின்றது, பின்னால் இருந்த கொம்பிரசரும் செப்புக் குழாயும் இருக்கவில்லை. போர் முடிந்த பிறகு கிளிநொச்சி வழியாகச் சுன்னாகத்துக்கு உயர் அழுத்த மின்பாதை வந்தபோதுதான் குடாநாடு மீண்டும் தேசிய மின் வலையமைப்போடு இணைந்தது.

அதாவது, எங்களில் ஒரு தலைமுறை பிரிட்ஜின் சத்தத்தோடு வளரவில்லை. நாங்கள் பழகிய சத்தங்கள் வேறு. சகடை வருகிறதா கிபிர் வருகிறதா என்று இரைச்சலை வைத்தே சொல்லத் தெரிந்த காதுகள் இவை. வன்னியில் இருந்தவர்களுக்கு இடைவிடாத மெல்லிய இரைச்சல் என்றால் 'வண்டு' என்று அழைத்த வேவு விமானத்தின் நினைவு வரும். திடீர்ச் சத்தத்துக்குத் துள்ளி எழுவதும், இரைச்சல் கேட்டால் நெஞ்சு படபடப்பதும் போரைக் கண்டவர்களிடம் நீண்டகாலம் இருக்கக்கூடியவை. அது பலவீனமல்ல. உயிரைக் காப்பாற்றிய பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பழக்கம் பிரிட்ஜை நிறுத்த வைத்தால் பாதிப்பு எங்களுக்குத்தான்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

பிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே விடுகிறது. பின்பக்கம் அடியில் இருக்கும் கறுப்பு நிற உருண்டைதான் கொம்பிரசர். அது குளிரூட்டும் வாயுவை அழுத்திச் சூடாக்கி, பின்பக்கக் குழாய்களுக்குள் தள்ளுகிறது. அங்கே வெப்பத்தை இழந்து வாயு திரவமாகிறது. அந்தத் திரவம் மிக ஒடுங்கிய குழாயொன்றின் வழியாக ஐஸ் பெட்டிப் பக்கம் போய், அங்கே திடீரென விரிந்து ஆவியாகும்போது உள்ளே இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு மீண்டும் கொம்பிரசருக்கு வருகிறது. பிரிட்ஜின் பின்பக்கமோ பக்கச் சுவரோ சூடாக இருப்பது இதனால்தான். அது பழுதல்ல.

வழமையான சத்தங்கள்

'ம்ம்ம்' என்ற இரைச்சல்: கொம்பிரசர் மோட்டார் ஓடும் சத்தம். இலங்கையில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். சாதாரண மோட்டார் அதனால் நொடிக்கு 100 தடவை அதிரும், அதுவே இந்த இரைச்சல். பகலிலும் இதே அளவுதான் இருக்கும். சுற்றுப்புறம் அடங்குவதால் இரவில் பெரிதாகக் கேட்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் கொம்பிரசர் கூடுதல் நேரம் ஓடும். கடைச் சாமான்களை ஒன்றாக அடுக்கிய நாளிலும் அப்படித்தான்.

'டக்': உள்ளே குளிர் போதாதபோது தெர்மோஸ்டாட் கொம்பிரசரை இயக்குகிறது, போதுமானபோது நிறுத்துகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு 'டக்' கேட்கும். சுவிட்ச் போடும் சத்தம் போன்றதுதான்.

'களக் களக்', 'ஸ்ஸ்': குழாய்களுக்குள் வாயுவும் திரவமும் ஓடும் சத்தம். கொம்பிரசர் நின்றவுடன் இரண்டு பக்க அழுத்தமும் சமமாகும்போது இன்னும் தெளிவாகக் கேட்கும். உள்ளே தண்ணீர் ஒழுகுகிறது என்று நினைக்க வேண்டாம்.

'சடக்', 'படார்': அதிகம் பேரைத் திடுக்கிட வைப்பது இதுதான். குளிரும்போது பிளாஸ்டிக் சுருங்கும், சூடாகும்போது விரியும். வெயில் இறங்கிய பிறகு தகரக் கூரை வெடிப்பதுபோலச் சத்தம் போடுமே, அதே காரணம்தான். ஐஸ் கட்டி விலகும்போதும் இப்படிக் கேட்கும்.

சொட்டும் சத்தமும் பொரிக்கும் சத்தமும்: ஐஸ் கட்டாத வகைப் பிரிட்ஜ்களில் உள்ளே சிறிய சூடாக்கி ஒன்று இருக்கிறது. அது இடையிடையே இயங்கிப் படிந்த பனியை உருக்கும். உருகிய நீர் சொட்டும், சூட்டில் பட்டால் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல 'ஸ்ஸ்' என்று கேட்கும்.

'உஸ்' என்ற காற்றுச் சத்தம்: அதே வகையில் குளிர்காற்றைப் பரப்பும் சிறிய விசிறி. பல மாதிரிகளில் கதவைத் திறந்தால் நின்றுவிடும், மூடினால் மீண்டும் ஓடும்.

மாறி மாறி வரும் தொனி: இன்வேட்டர் கொம்பிரசர் உள்ள புதிய பிரிட்ஜ்கள் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓடும். நீண்ட நேரம் மெதுவாக ஓடுவதே அவற்றின் முறை. பழைய பிரிட்ஜ்போல அடிக்கடி நிற்கவில்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை.

நீங்களே சரிசெய்யக்கூடியவை

'கட கட' என்று நடுங்கும் சத்தம் வந்தால் முதலில் பிரிட்ஜின் மேல் இருப்பதை இறக்கிப் பாருங்கள். தட்டு, போத்தல், சாமிப்படம் எதுவும் அதிரலாம். உள்ளே கண்ணாடிப் போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவா என்று பாருங்கள். அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்டியின் மேலும் பக்கங்களிலும் கையை அழுத்தி வையுங்கள். எங்கே அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அங்கேதான் காரணம் இருக்கிறது. நிலம் சமமில்லாவிட்டால் முன்கால்களைத் திருகி உயர்த்தலாம். பின்பக்கம் சுவரில் முட்டாமல் சுமார் பத்து சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள்.

ஐஸ் பெட்டிக்குள் எதையோ சுரண்டுவதுபோலக் கேட்டால் விசிறி ஐஸில் உரசுகிறது. சாமான்களை எடுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்துவைத்து முழுதாக உருக விடுங்கள். சில நாட்களில் மீண்டும் அதேபோல ஐஸ் கட்டினால் கதவு றப்பரோ உருக்கும் சூடாக்கியோ பழுதாகியிருக்கலாம்.

திருத்துநரைக் கூப்பிட வேண்டியவை

'டக்', சில நொடி இரைச்சல், மீண்டும் 'டக்', பிறகு அமைதி. சில நிமிடம் கழித்து மறுபடியும் அதே வரிசை. உள்ளே குளிரும் இல்லை. இது கொம்பிரசர் இயங்க முயன்று முடியாமல் நிற்கும் சத்தம். பிளக்கைக் கழற்றிவிடுங்கள். வோல்ட் குறைவு, ஆரம்ப ரிலே அல்லது கப்பாசிட்டர் பழுது, கொம்பிரசர் இறுகிப்போனது ஆகிய மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். ரிலே சிறிய பாகம், விலையும் குறைவு. கொம்பிரசர் மாற்றுவது பெரிய செலவு. ஆகவே கொம்பிரசரை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், வோல்ட்டையும் ரிலேயையும் சோதித்துப் பார்த்தீர்களா என்று முதலில் கேளுங்கள்.

நிற்காமல் ஓடியும் குளிராவிட்டால், பின்பக்கத் தூசு, கதவு றப்பர், வாயுக் கசிவு என்ற வரிசையில் பார்க்க வேண்டும். முதல் இரண்டையும் நீங்களே பார்க்கலாம். பழைய பிரிட்ஜ் நிற்கும்போது ஒருமுறை உதறுவது வழமை, ஏனென்றால் கொம்பிரசருக்குள் மோட்டார் சுருள்வில்களில் தாங்கப்பட்டிருக்கிறது. ஓடும்போது தொடர்ந்து இடிப்பதுபோலக் கேட்டால் அது பழுது.

கருகிய மணம் வந்தாலோ, தொட்டால் கரண்ட் அடிப்பதுபோல உணர்ந்தாலோ பிரிட்ஜைத் தொடாமல் மெயின் சுவிட்ச்சை நிறுத்துங்கள். பூமிக் கம்பித் தொடர்பும் ட்ரிப் சுவிட்ச்சும் சரியாக வேலை செய்கின்றனவா என்று மின்னிணைப்பாளர் ஒருவரைக் கொண்டு பார்ப்பது அவசியம். தீப்பிடிக்கும் என்று பயப்படுபவர்கள் இதைச் செய்வதே சரியான காவல். பிரிட்ஜை மல்ட்டி பிளக்கில் கொடுக்காமல் சுவர் பிளக்கில் நேரடியாகக் கொடுங்கள்.

வோல்ட்டும் மின்தடையும்

மாலையில் மின்குமிழ் மங்கினால் வோல்ட் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். குறைந்த வோல்ட்டில் மோட்டார் இயங்க முடியாமல் அதிக மின்னை இழுத்துச் சூடாகும். அடிக்கடி இப்படி நடக்கும் ஒழுங்கைகளில் தாமதித்து இயக்கும் வசதியுள்ள ஸ்டெபிலைசர் பயன்தரும். மின்சார சபைக்கும் அறிவியுங்கள், அழைப்பு இலக்கம் 1987.

கரண்ட் போனால் பிளக்கைக் கழற்றுங்கள். வந்தவுடன் போடாமல் ஐந்து நிமிடம் பொறுங்கள். வரும்போது வோல்ட் ஏறி இறங்கலாம் என்பதோடு, குழாய்களுக்குள் அழுத்தம் சமமாகாமல் கொம்பிரசரை இயக்கினால் அது திணறும்.

2022 மார்ச் 31ஆம் திகதி நாட்டில் 13 மணிநேர மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்து நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. இப்படியான நாட்களில் கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்ப்பகுதி ஏறத்தாழ நான்கு மணிநேரம் குளிரைத் தாங்கும். நிரம்பிய ஐஸ் பெட்டி 48 மணிநேரமும் பாதி நிரம்பியது 24 மணிநேரமும் தாங்கும். தண்ணீர்ப் போத்தல்களை உறையவைத்து ஐஸ் பெட்டியின் வெற்றிடத்தை நிரப்பிவைத்தால் மின்தடையில் உதவும்.

இரவில் நிறுத்தினால் என்ன?

சமைத்த உணவு 5 பாகை செல்சியஸுக்குக் கீழ் இருக்க வேண்டும். அதற்கு மேல் கிருமிகள் வேகமாகப் பெருகும். இரவு பத்து மணிக்கு நிறுத்திக் காலை ஆறு மணிக்குப் போட்டால் எட்டு மணிநேரம். மீன் குழம்பு மணக்காமல் இருந்தாலும் பழுதாகியிருக்கலாம்.

மிச்சமும் பெரிதாக இல்லை. 100 வாட் கொம்பிரசர் ஒரு நாளில் 12 மணிநேரம் ஓடினால் 1.2 அலகு, மாதத்துக்கு 36 அலகு. இரவில் நிறுத்தினாலும் வெளிச்சூடு பெட்டிக்குள் போய்க்கொண்டேதான் இருக்கும். அதை வெளியேற்றக் காலையில் கொம்பிரசர் நீண்ட நேரம் ஓடும். மாதம் 60 அலகைத் தாண்டினால் கட்டணம் கணக்கிடும் முறையே மாறுவதால் ஒவ்வோர் அலகும் முக்கியம் என்பது உண்மைதான். அந்த அலகுகளை மிச்சப்படுத்தும் வழி பின்னால் தூசு தட்டுவதும் கதவு றப்பரைப் பார்ப்பதும்.

இன்சுலினுக்கு வருவோம். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும். ஐஸ் பெட்டியிலோ பின்சுவரில் முட்டியபடியோ வைக்கக்கூடாது. உறைந்த இன்சுலினை உருகவைத்தும் பாவிக்கக்கூடாது. கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடு படும். நடுத்தட்டில் ஒரு சிறிய பெட்டிக்குள் வைப்பது நல்லது. திறந்து பாவிப்பதைப் பெரும்பாலும் சூடு குறைந்த அறையில் நான்கு வாரம்வரை வைக்கலாம். எத்தனை பாகை, எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும் என்பதால் கிளினிக்கில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கரண்ட் இல்லாத காலத்தில் எங்கள் ஊரவர்கள் மண்பானையை ஈரமணலில் வைத்து அதற்குள் மருந்தைக் காத்தார்கள். நீண்ட மின்தடைக்கு அது இன்றும் உதவும்.

வீட்டுப் பராமரிப்பு

கிழமைக்கு ஒருமுறை: பின்பக்கம் கொம்பிரசருக்கு மேல் உள்ள நீர்த்தட்டைப் பாருங்கள். உருகிய நீர் அங்கே தேங்கும். ஐப்பசி முதல் மழைக்காலத்தில் டெங்கு பரவும்போது வளவைத் துப்புரவாக்குகிறோம், இந்தத் தட்டை மறந்துவிடுகிறோம். டெங்கு நுளம்பின் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் இருக்கும். தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். கழற்ற முடியாத தட்டென்றால் பிளக்கைக் கழற்றிவிட்டுத் துணியால் ஒற்றித் துடையுங்கள்.

மாதத்துக்கு ஒருமுறை: கதவுக்கிடையில் ஒரு கடதாசியை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இலகுவாக வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியேறுகிறது. றப்பரைச் சவர்க்கார நீரில் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகும். உட்புறத்தை ஒரு லீற்றர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்துத் துடையுங்கள், மணம் போகும். உள்ளே பின்சுவரின் அடியில் உள்ள சிறிய துளை அடைத்தால் மரக்கறித் தட்டில் தண்ணீர் நிற்கும். அதை மெல்லிய குழாயாலோ பஞ்சு சுற்றிய குச்சியாலோ திறக்கலாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை: பிளக்கைக் கழற்றிவிட்டுப் பின்பக்கக் குழாய்களில் உள்ள தூசையும் சிலந்தி வலையையும் மென்மையான தூரிகையால் அகற்றுங்கள். வல்வெட்டித்துறை, பருத்தித்துறை போன்ற கரையோரங்களில் உப்புக்காற்றால் துருப்பிடிக்கும். அங்கே ஈரத்துணியால் துடைத்து உலர்த்துவதை அடிக்கடி செய்யுங்கள்.

ஐஸ் அரை சென்ரிமீற்றருக்கு மேல் தடித்தால் நிறுத்தி உருகவிடுங்கள். கத்தியால் குத்த வேண்டாம். இப்போதைய பல பிரிட்ஜ்களில் இருக்கும் ஆர்-600ஏ என்ற வாயு தீப்பற்றக்கூடியது. அளவு சிறிதுதான். ஆனாலும் குழாயில் ஓட்டை விழுந்தால் பிரிட்ஜும் போகும், ஆபத்தும் உண்டு. எந்த வாயு என்பது பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும், திருத்துநரிடம் அதைக் காட்டுங்கள்.

தெர்மோஸ்டாட்டில் உள்ள எண் வெப்பநிலையைக் குறிப்பதல்ல. பெரும்பாலான பிரிட்ஜ்களில் எண் கூடினால் குளிர் கூடும். நடுவில் வைத்தால் போதும். சூடான சோற்றையும் கறியையும் ஆறவைத்து வையுங்கள், ஆனால் இரண்டு மணிநேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். அடுப்புக்குப் பக்கத்திலோ வெயில் படும் இடத்திலோ பிரிட்ஜை நிறுத்த வேண்டாம்.

சத்தம் இன்னும் நித்திரையைக் கெடுத்தால் பிரிட்ஜைப் படுக்கையறைச் சுவருக்கு மறுபக்கத்திலிருந்து நகர்த்துங்கள். அடியில் தடித்த றப்பர் துண்டு வைத்தால் அதிர்வு குறையும். எந்தச் சத்தத்துக்கும் நெஞ்சு பதறுவது நிற்கவில்லையென்றால் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் பேசலாம், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

திருத்துநருக்குத் தொலைபேசி எடுக்குமுன் ஐந்து விடயங்களைக் கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள்: பிரிட்ஜின் பெயரும் வயதும், எப்படியான சத்தம், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, உள்ளே மின்குமிழ் எரிகிறதா, ஐஸ் உருகுகிறதா. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊரிலுள்ள அம்மா அப்பாவுடன் பேசும்போதும் இதே ஐந்தையும் கேட்கலாம். தொலைபேசியைப் பிரிட்ஜுக்கு அருகில் பிடிக்கச் சொன்னால் பல சத்தங்களை அங்கிருந்தே அடையாளம் காணலாம். வழமையான சத்தம் என்றால் அதைச் சொல்லிவிட்டு, பிளக்கை இரவில் கழற்ற வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.